மூணாம் கேலரி காலி

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வர வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் 2:31-க்கும் 2:47-க்கும் நடுவில். மணியை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. எதிர்ச்சுவரில் ஸ்கோர்போர்டு கடிகாரம் ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள். உட்கார்ந்து கதை கட்ட எனக்குத் தெம்பு கிடையாது.

நான் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பெரிய அரங்கத்தில் வேலை பார்க்கிறேன். இன்று கூடைப்பந்து, நாளை பாட்டுக் கச்சேரி, அடுத்த வாரம் பட்டமளிப்பு. வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். எங்களுக்கு அது கழற்றுவதும் மாட்டுவதும்தான். உள்ளே ஒரு ஜன்னல்கூட இல்லை. பகலும் இரவும் சுவிட்சில்தான் இருக்கிறது.

அன்றைக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேட்ச் முடிந்தது. அப்போது குனிந்தவர்கள்தான், மறுநாள் மத்தியானம் வரை நிமிரவில்லை. ஆடுகளத்தின் மரப்பலகைகளைக் கழற்றி அடுக்கியாயிற்று. மிச்சம் இருந்தது படிப்படியாக இருக்கை போட்ட கீழ்த்தட்டு கேலரிகள் நான்கு. மேடைச் சாமான் லாரி மூன்று மணிக்கு வந்துவிடும். அதற்குள் நான்கையும் சுவருக்குள் தள்ள வேண்டும்.

தீப்பெட்டியை உள்ளே தள்ளுவது போலத்தான். மோட்டார் இழுக்க, ஒரு படிக்கு அடியில் இன்னொரு படி போய் ஒடுங்கிக்கொள்ளும். அதை ஓட்டுவது நான். கையில் வயரோடு ஒரு பெட்டி, அதில் ஒரு பட்டன். அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும், விட்டால் நிற்கும். அதற்கு முன்னால் ஒருவர் டார்ச்சோடு கேலரிக்கு அடியில் புகுந்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்து வெளியே வந்து, வாக்கி-டாக்கியில் ‘காலி’ என்று சொல்ல வேண்டும். அவர் வெளியே நிற்பதை நான் கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டனைத் தொடலாம். அதுதான் சட்டம். ஆனால் மறு முனைக்கு நடந்து போய்ப் பார்க்க யாருக்குக் கால் இருக்கிறது? குரல் கேட்டால் போதும் என்று நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தோம்.

அடியில் புகுந்து பார்க்கும் வேலை அன்று மாப்பிள்ளையுடையது. என் தங்கை புருஷன். வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாள்தான். சேர்த்துவிட்டதே நான்தான். வீட்டில் குழந்தை பிறந்து இருபத்து மூன்று நாள். ராத்திரியெல்லாம் அது தூங்கவிடாது, பகலெல்லாம் நாங்கள் தூங்கவிட மாட்டோம். பாவம், நின்றுகொண்டே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“பச்சை உடம்புக்காரி நான் வீட்ல கிடக்கேன். அவரப் பத்திரமா பாத்துக்கோண்ணா,” என்று தங்கை சொல்லியிருந்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் நானும் சொன்னேன்.

எங்கள் சூப்பர்வைசரம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் விசிலக்கா. வாயில் விசில் இல்லாவிட்டாலும் சத்தம் அதேதான்.

“என்னப்பா, மாமனும் மச்சானும் தாலாட்டுக் கேட்டுட்டு நிக்கிறீங்களா? லாரி வந்தா நானா போய்ப் படுப்பேன் குறுக்கால?” என்று கத்திவிட்டு வாசல் பக்கம் போனார்.

ஒன்றாவது கேலரி 2:09-க்கு உள்ளே போனது. இரண்டாவது 2:24-க்கு. 2:31-க்கு மாப்பிள்ளை மூன்றாவதற்கு அடியில் புகுந்தார். புகும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். டார்ச் வெளிச்சம் இரும்புக் கால்களுக்கு இடையே மெதுவாக நகர்ந்து போனது.

அப்போதுதான் மேலே பார்த்தேன். ஒன்பதாவது வரிசையில் ஒரு இருக்கை மட்டும் மடங்காமல் கீழே இருந்தது. எல்லாமே ஸ்பிரிங் வைத்த இருக்கைகள். ஆள் எழுந்தால் தானாக மேலே மடங்கிவிடும். ஏதோ ஸ்பிரிங் போய்விட்டது என்று சலித்துக்கொண்டு படியேறினேன். கையால் தூக்கினேன். கனத்தது. இரண்டு கையாலும் தூக்கினேன். டப்... மடங்கியது.

இறங்கி வந்து திரும்பினேன். ஒன்பதாவது வரிசை சரியாக இருந்தது.

ஏழாவது வரிசையில் ஒன்று கீழே இருந்தது.

தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தேன். பதினாறு மணி நேரம் விடாமல் வேலை பார்த்தால் கண் எதைத்தான் காட்டாது? முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மறுபடி பார்த்தேன்.

ஏழாவது மடங்கியிருந்தது. நான்காவது வரிசையில்... ஒன்று கீழே.

மணி 2:44. வாக்கி-டாக்கி கரகரத்தது.

“மூணாம் கேலரி காலி.”

மாப்பிள்ளையின் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் காலையிலிருந்து தொண்டை கட்டிப் பேசிக்கொண்டிருந்த மனுஷன். இந்தக் குரல் தெளிவாக இருந்தது. எட்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கி எழுந்த குரல்.

நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பட்டனை அமுக்கினேன்.

கர்ர்ர்ர்...

கேலரி நகர ஆரம்பித்தது. முதல் படி உள்ளே போனது. இரண்டாவது...

எனக்கு நேர் எதிரே, முன்வரிசையில், ஒரு இருக்கை மெதுவாகக் கீழே இறங்கியது.

யாரோ உட்காருவது போல. நிதானமாக. என்னைப் பார்த்தபடி.

அப்போது கேட்டது அந்தச் சத்தம். கேலரிக்கு அடியிலிருந்து...

ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

பச்சைக் குழந்தை.

விரலை எடுக்கப் பார்த்தேன்.

எடுக்க வரவில்லை.

என் கட்டைவிரலுக்கு மேல்... இன்னொரு விரல். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அமுக்கியது.

கர்ர்ர்ர்...

இடது கையால் வயரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன்.

பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது.

மோட்டார் நின்றது. அழுகையும் நின்றது. மணி 2:47.

“மாப்பிள்ளை! மாப்பிள்ளை!” என்று கத்திக்கொண்டே அடியில் புகுந்தேன். அங்கே குழந்தை எதுவும் இல்லை. மாப்பிள்ளை இருந்தார். ஒரு இரும்புக் காலில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எதிர் இரும்பு அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றிருந்தது.

உலுக்கி எழுப்பினேன். மலங்க மலங்க விழித்தார்.

“நீங்கதானே காலின்னு சொன்னீங்க?”

“நானா? இல்ல மச்சான்... ரெண்டே ரெண்டு நிமிஷம் கண்ண மூடினேன்.”

அவர் மடியில் இருந்த வாக்கி-டாக்கியை எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. விசிலக்கா ஓடி வந்தார். அவர் காதிலும் அந்தக் குரல் விழுந்திருந்தது. “தெளிவா சொன்னானேப்பா,” என்றார். லாரி 2:58-க்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டு, மீதிக் கேலரிகளை நானே பார்த்து நானே தள்ளினேன். வேலை வேலைதானே?

நடந்ததைத் தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்று நானும் மாப்பிள்ளையும் பேசி வைத்துக்கொண்டோம். பிள்ளை பெற்றவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும்?

மூன்று வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். தங்கை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

“ஏண்ணா, வேலைக்கு நடுவுல அவர வீட்டுக்கு அனுப்பாத. குழந்தை பயந்துக்கறான்.”

“எப்ப வந்தாரு?”

“அந்த வியாழக்கிழமைதான். மேட்ச் முடிஞ்ச மறுநாள்.” தலைமாட்டில் இருந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். பால் கொடுக்கும் நேரத்தை அதில்தான் குறித்து வைப்பாளாம். “இதோ பாரு, ரெண்டு நாப்பத்தாறு. பால் குடிச்சிட்டே இருந்தவன் வாய எடுத்துட்டு அப்படி வீறிட்டு அழுதான். இவர் வந்து கட்டில் பக்கத்துல நிக்கிறாரு. கதவு தொறந்த சத்தமே கேக்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஒரு நிமிஷம் நின்னாரு. குழந்தை அழுதது தாங்காம போயிட்டாரு போல. எழுந்து போய்ப் பாத்தேன், தாழ்ப்பாள் நான் போட்ட மாதிரியே இருந்துச்சு. எனக்கும் அரைத்தூக்கம்.”

“ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டேன்.

தங்கை சிரித்தாள். இத்தனை நாளில் அவள் முகத்தில் ஒரு சந்தோஷத்தை அப்போதுதான் பார்த்தேன்.

“ஆசையாத்தான் சொன்னாரு. ‘நீ தூங்கு. இனிமே இவன நான் பாத்துக்கறேன்’னு.”

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். குழந்தை அவரைப் பார்த்தது. அன்றைக்குப் போல வீறிட்டு அழவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.