சுப்பாத்தாள் விடாத பத்தியம்

அன்னூருக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் நஞ்சுண்டனின் மனைவி சுப்பாத்தாளுக்குப் போன வருஷம் தை மாதம் மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து கொடுத்தவர் எண்ணெய், பருப்பு, பால், முட்டை எதையும் தொடக்கூடாது என்றார். "நோவு முழுசாத் தீர்ற வரைக்கும் பத்தியம் இருந்துக்கங்க அம்மணி" என்றதோடு சரி. தீர்ந்ததை எப்படிக் கண்டுகொள்வது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

கண்ணில் மஞ்சள் மறைந்தது. பத்தியத்தை விட்டுவிடலாம் என்று நினைத்த சமயத்தில் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து, மெதுவாகத்தான் மேலே வந்தது. நோய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று சுப்பாத்தாள் முடிவுகட்டினாள். அரிசிக் கஞ்சியும் அவித்த சுரைக்காயும் தொடர்ந்தன. வீக்கம் ஏற ஏறக் கஞ்சியையும் குறைத்தாள்.

அவர்கள் வீட்டு எருமைப் பால் காலையும் மாலையும் கேன் நிறையச் சொசைட்டிக்குப் போகும். "ஒரு டம்ளர் குடியேன் அம்மணி" என்பார் நஞ்சுண்டன்.

"ஏனுங்க, காமாலை திரும்பிக்கிச்சுன்னா என்ன பண்றதுங்க?" என்பாள். அவர் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

ஆவணியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். நாத்தனார் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "நல்லாப் பூசுனாப்புல ஆயிட்டீங்களே அண்ணி" என்றாள். சுப்பாத்தாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜாக்கெட் கை தொளதொளக்கிறது. மெட்டியோ விரலை அறுக்கிறது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. வேலிமுள் கீறிய புண் ஆறவே இல்லை. நான் பெருத்துவிட்டேனா, இளைத்துவிட்டேனா?

ஐப்பசியில் ஒருநாள் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனவள் அங்கேயே சுருண்டு விழுந்தாள். நஞ்சுண்டன் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

பரிசோதனைகள் முடிந்து டாக்டர் நவ்யா வந்து உட்கார்ந்தார். "கிட்னி, ஈரல், இருதயம் எல்லாம் நல்லா இருக்குதுங்கம்மா. ஒடம்புலதான் புரதமே இல்ல. சத்துக் கொறவு."

"ரிப்போர்ட்டு ஏதாச்சும் மாறிப்போச்சுங்களா டாக்டரம்மா?" என்றார் நஞ்சுண்டன். அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்கூட்டுல சோத்துக்குப் பஞ்சமில்லீங்க."

சுப்பாத்தாளின் கேள்வி வேறு. "கம்மியாத் திங்கறவ எளைக்கத்தானுங்க வேணும்? எனக்கு எப்புடிங்க ஊதும்?"

"ரத்தத்துல இருக்கற புரதந்தானுங்க தண்ணிய உள்ளாற புடிச்சு வெக்குது. அது கொறைஞ்சா தண்ணி கசிஞ்சு காலுக்கு எறங்கிரும். இது சதையில்லீங்கம்மா, தண்ணி."

"அப்ப வீக்கத்துக்குப் பயந்துபோட்டுத்தானுங்களே நான் கஞ்சியக் கொறச்சேன்?"

"அதுலதானுங்க வீக்கம் ஏறுச்சு."

சுப்பாத்தாள் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். சற்றுக் கழித்து அதையே மறுபடி கேட்டாள்.

ஒரேயடியாகச் சாப்பாட்டை ஏற்றக்கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்தார்கள். பிறகு பாசிப்பயறு, அதற்கப்புறம் முட்டை. முதல் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். தின்று முடித்ததும் கண்ணாடி கேட்டு வாங்கி, கண் மஞ்சளாகிறதா என்று இமையை இழுத்துப் பார்த்தாள்.

வீடு திரும்பிய பின் வீக்கம் வடிந்தது. வடிந்த இடத்தில் குச்சியாய் இரண்டு கால்கள். "ஏனுங்க, இருந்த காலும் போச்சுங்களே!" என்று அலறினாள். நஞ்சுண்டனும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "இதுதானுங்க அவங்க நெசமான காலு. இனிமேத்தான் சதை புடிக்கும்" என்றார் டாக்டர்.

மாசியில் புண் ஆறிவிட்டது. எருமைக்குச் சோளத்தட்டு அவளே அறுத்துச் சுமந்து வருகிறாள். ஆனாலும் பருத்திருந்தது நோய், இளைத்தது குணம் என்பது மட்டும் அவள் மனசில் இன்னும் ஒட்டவில்லை. மத்தியானம் முட்டையை உரித்து வைத்துக்கொண்டு, "இது சரிதானுங்களா?" என்று புருஷனைக் கேட்கிறாள்.

"சாப்புடு அம்மணி" என்கிறார் அவர். அவருக்கும் முழுசாகப் புரிந்துவிடவில்லை.