பலாப்பழம் சுமந்த பர்மனென்ட்

வைகாசி ஞாயிறு, காலை ஆறு மணி. நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசலில் என் மகள் கயல் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய இடது தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். தை மாதம் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்த தோள். சரியாகிவிட்டது, ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவள் விழுந்த சத்தத்தைக் கேட்டவள் நான். சமையலறையில் தட்டு விழுந்தால்கூட இன்னமும் உடம்பு தூக்கிப் போடுகிறது.

முத்தாண்டிக்குப்பம் வரை டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புகைபோக்கிகள் பின்னால் போகப் போக, சாலையின் இரு புறமும் முந்திரித் தோப்பு. நடுநடுவே பலா மரங்கள், அடிமரம்வரை காய்த்துக் கிடந்தன. இறங்கியதும் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய்.

"பந்தயம் பாக்கவாங்க?" என்றார் ஓட்டுநர்.

"என் மகதான் குதிரை ஓட்டுதா," என்றேன், என் தெற்கத்திப் பேச்சு மாறாமல்.

அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப நான் மெதுவாவே ஓட்டுறேங்க."

ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தோப்புக்கு நடுவே நானூறு மீட்டர் நீளச் செம்மண் பாதை, அவ்வளவுதான் களம். ஆறு குதிரைகள். மற்ற நாளில் கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறவை. கயல் ஓட்டும் குதிரையின் பெயர் பர்மனென்ட். அதை வளர்க்கும் குமார், அவளுடைய கல்லூரித் தோழியின் அண்ணன். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. "எனக்குத்தான் கெடைக்கல, பேராவது வூட்டுல இருக்கட்டும்" என்று வைத்த பெயராம்.

வேப்பமரத்தடியில் பலாப்பழ வியாபாரி செல்வி தராசைத் தொங்கவிட்டிருந்தார். போன வருஷம் ஜெயித்த குதிரை இந்த வருஷம் சுமையோடு ஓட வேண்டும், அந்தச் சுமை பலாப்பழம். ஏன் பழம் என்று கேட்டேன்.

"மொதல்ல சுமையே கெடையாதுங்க்கா. ஒரே குதிரை வருஷா வருஷம் ஜெயிச்சிக்கினு இருந்தது. கடைசில எதுத்து ஓட ஒருத்தனும் வரல. அப்புறம் ஜெயிச்சதுக்கு மணல் மூட்டை கட்டுனாங்க. ஒருத்தன் மூட்டையில ஓட்டை போட்டுட்டான். குதிரை போன வழியெல்லாம் மணலு! அதான் பலா. ஓட்டை போட்டா ஊருக்கே வாசனை வந்துடும்ல?"

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். ஜெயித்தால் அடுத்த ஆண்டு எடை கூடும், தோற்றால் குறையும். சேணத்தின் இரு புறமும் சாக்கில் ஒவ்வொரு பழம். ஓட்டம் முடிந்ததும் அறுத்து எல்லோருக்கும் பங்கு.

பர்மனென்ட் போன வருஷம் முதலில் வந்த குதிரை. செல்வி இரண்டு பழங்களை எடுத்து வைத்தார். நான் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினேன். "செல்வி, இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடேன். மெதுவா ஓடட்டும்."

செல்வி குரலைத் தாழ்த்தவில்லை. "இங்க பாருங்கப்பா! எல்லாரும் எடையக் கொறைக்கச் சொல்லிச் சண்டைக்கு வருவாங்க. இந்த அக்கா ஏத்தச் சொல்லுது!"

தோப்பே சிரித்தது. "அம்மா!" என்று கயல் தலையில் கை வைத்தாள். "போட்டுடுங்க," என்றார் போட்டிக் குதிரைக்காரர் மிகுந்த அக்கறையோடு. ஒரு சுற்றுப் பெரிய பழங்கள் ஏறின. சாக்குக் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று நான் இழுத்துப் பார்த்தேன். கயல் குனிந்து, "விழ மாட்டேம்மா," என்றாள்.

எட்டரைக்குக் கொடி இறங்கியது. முதலில் புழுதிதான் தெரிந்தது. பாதி தூரத்தில் பர்மனென்ட் கால் இடறியது. கயல் இடது பக்கமாகச் சரிந்தாள். என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. மறுபடி திறந்தபோது அவள் பிடரியோடு ஒட்டி நிமிர்ந்துகொண்டிருந்தாள், பழங்கள் இரு புறமும் குதிக்க, முன்னால் போன சாம்பல் நிறக் குதிரையை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விடாதட்டி! ஓடு! ஓடு!" யாரோ கத்தினார்கள். செல்வி திரும்பிப் பார்த்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

ஒரு கழுத்து நீளத்தில் இரண்டாமிடம்.

கயல் குதித்து இறங்கினாள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. இடது கையும் முழுசாக மேலே போனது. நான் அழுதேன், சிரித்தேன். பிறகு நேராகச் செல்வியிடம் போனேன்.

"அந்தப் பழம் ரொம்பப் பெரிசு. அநியாயம்."

செல்வி வாயில் இருந்த சுளையை விழுங்க முடியாமல் சிரித்தார்.

பத்து மணி பஸ்ஸில் திரும்பினோம். கயல் என் மேல் சாய்ந்து தூங்கினாள்; அந்த இடது தோளைத்தான் என் மீது அழுத்திக்கொண்டு. இரண்டாவதாக வந்ததால் அடுத்த வருஷம் பர்மனென்டுக்கு எடை குறையுமாம். பஸ் ஏறுவதற்கு முன் செல்வியிடம் அதை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.