சிற்பத்துக்கு ஆயுத பூஜை

அடுகோடியில் தான் வேலை பார்த்த லேத்துப் பட்டறையை மூடிவிட்ட அந்த வருஷம், என் மாமா ஓர் ஓவியக்கூடத்துக்குக் காவலாளியாகப் போனார். யாரோ பெரிய மனிதர் பெரிய பெரிய வெள்ளைத் தூண்கள் வைத்துக் கட்டிய பழைய பங்களா அது. உள்ளே எது தலை, எது கால் என்று தெரியாத படங்கள். 'தொடாதீர்கள்' என்று வருகிறவர்களை விரட்டுவதுதான் மாமாவின் வேலை. "இதையே நீ வீட்டுச் செவுத்துல வரைஞ்சா உங்கம்மா முதுகுல போடுவா" என்பார் என்னிடம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஊழியர்கள் பூஜைக்கு என்னையும் அழைத்துப் போனார். ஜெனரேட்டர், ஏணி, புல் வெட்டும் மெஷின், மேலாளர் மேடத்தின் கார், எதையும் விடாமல் பொட்டு வைத்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். பூசணிக்காய் உடைத்ததும் எல்லாரும் பொரி வாங்க ஓடினார்கள். மாமா மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போனார்.

அங்கே பழைய இரும்புச் சாமான்களைப் பற்றவைத்துச் செய்த சிற்பம் ஒன்று குந்தியிருந்தது. அதன் வயிற்றில் ஒரு லேத்துச் சக்கரம். மாமா அதைத் துண்டால் துடைத்து, சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது எதிரே மேடம்.

"என்ன பண்றீங்க? இதைச் செஞ்சவரே இப்ப வரப்போறாரு."

நான் சந்தனக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். மேடம் ஒரு போன் போட்டால் போதும், மாமாவை வேலைக்கு வைத்த ஏஜென்சி அவருக்குப் பதில் வேறு ஆளை அனுப்பிவிடும் என்று வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

மாமா தலையைச் சொறிந்தார். "கொத்தாகலில்ல மேடம்" என்றார், தெரியவில்லை என்று கன்னடத்தில். "மெஷின்னு நெனச்சுட்டேன்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துடைக்கச் சொல்லிவிட்டுப் போய் எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் நடித்தே காட்டினேன். அத்தை சிரிக்கவில்லை.

"சக்கரத்துக்கு நல்லா பூசுனீங்களா?" என்று மட்டும் மாமாவைக் கேட்டாள். அவர் தலையாட்டினார். தட்டில் இன்னொரு வடை வைத்தாள். இவளுக்கும் ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி ஆயுசு லேத்து முன்னால் நின்ற மனிதருக்கு எது ஓடும், எது ஓடாது என்று தெரியாதா? அன்று எனக்கு அது தோன்றவில்லை. தனக்கென்று ஒரு மெஷின் இல்லாமல் என் மாமாவுக்கு வந்த முதல் ஆயுத பூஜை அது.