பகல் ஒரு மணி வகுப்பும் ஐந்து நட்சத்திரமும்

போன புதன்கிழமை என் வயிற்றை ஒரு வகுப்பே சுற்றி நின்று பார்த்தது. இத்தனை வருட எழுத்துக்குச் சேராத கூட்டம்!

முந்தின நாள் செவ்வாய்ப்பேட்டைக் கடையில், நடுவே காரச் சட்னியும் காய்த் துருவலும் வைத்த தட்டுவடை செட் தின்றிருந்தேன். வலி வந்ததும் கேஸ் என்று நானே தீர்ப்புச் சொல்லி, சோடா குடித்தேன். விடிந்தபோது நிமிர முடியவில்லை. தங்கை மகள் நிவேதா, தான் டாக்டருக்குப் படிக்கும் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே இழுத்துப்போய்ப் படுக்க வைத்துவிட்டாள்.

“மாமா, எங்க மேடம் உங்க வயித்த வெச்சு கிளாஸ் எடுக்கறாங்களாம். சரின்னு சொல்லிருங்க. பாவம்ங்க அவங்க.”

“நான்தானே பாவம்?”

விஷயம் இதுதான். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் ஆசிரியருக்குப் போனில் நட்சத்திரம் போடவேண்டும். மேடத்துக்கு எப்போதும் இரண்டு, மூன்றுதான். இந்த முறையும் அப்படியென்றால் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

“சரியாச் சொல்லித் தரமாட்டாங்களா?”

“அவங்க மாதிரி யாரும் சொல்லித் தரமாட்டாங்க மாமா. ஆனா கிளாஸ் முடியறப்ப மணி ஒண்ணு. புதன்கிழமை மெஸ்ஸுல சிக்கனுங்க. லேட்டாப் போனா வெறுங் குழம்புதான். அந்தக் கடுப்புல யாரு ஸ்டார் போடுவா? காலைல வர்ற சாருக்கு அஞ்சு. ஜோக்கு சொல்லிட்டு சீக்கிரமா உட்ருவாரு.”

நான் மட்டும் யோக்கியமா? பார்க்கிங் கிடைக்காத கோபத்தில் நல்ல தோசைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவன்தானே...

சரியென்று தலையாட்டினேன். மேடம் மாணவர் கூட்டத்தோடு வந்தார். முதல் பையன் வலிக்கிற இடத்திலேயே கை வைத்து அழுத்த, நான் கூரையைத் தொட்டுவிட்டு வந்தேன்.

“கேஸுங்க மேடம்” என்றான், ஒரு கண் கடிகாரத்தில்.

“வயித்தப் பாக்காத சாமி, அவரு மூஞ்சியப் பாரு. கையத் தேச்சுச் சூடு பண்ணிக்க. வலிக்காத பக்கமிருந்து வா.”

அடுத்து நிவேதா. கைகளைத் தேய்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி இடது பக்கம் மெல்ல அழுத்தினாள். எனக்கோ வலது பக்கம் சுரீர் என்றது!

“இங்க அமுக்குனா அங்க வலிக்குதுங்க மேடம்... அப்பெண்டிக்ஸா?”

“அப்படித்தான் தெரியுது. ஸ்கேனுக்குச் சொல்லு.”

அவ்வளவுதான் — மொத்தக் கூட்டமும் கைகளைத் தேய்க்க ஆரம்பித்தது.

“போதும் சாமி, அவரு மனுசன். சப்பாத்தி மாவு இல்ல” என்று மேடம் காப்பாற்றினார்.

பிறகு கேள்விகள்... கேள்விகள். ஒரு மணி தாண்டியும் ஒருவரும் நகரவில்லை. ஸ்கேன் ‘ஆமாம்’ என்றபோது எழுந்த ஆரவாரத்தில், நானே பரிசு வாங்கிவிட்டதுபோல் கையசைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நிவேதா போனை நீட்டினாள். அவர்களுடைய குரூப் முழுக்க ஐந்து ஐந்தாக நட்சத்திரங்கள். மேடத்தின் வகுப்பு தப்பியது.

“சிக்கன்தான் தீந்துபோச்சு மாமா.”

நட்சத்திரம் போடும் விரலை அன்றும் வயிறுதான் நடத்தியது. என்ன, இந்த முறை வயிறு என்னுடையது!