மாமா போட்ட முடிச்சு

பாவாடை நாடாவைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுருங்கிவிடும். சொன்னால் சிரிப்பீர்கள்.

பதினாலு வயதில், இரண்டாம் படிவத்தில் படித்தபோது பள்ளியிலிருந்து கேமரன் மலைக்கு முகாம் போனோம். மரத்துக்கு மரம் துணித்தொட்டில் கட்டி அதில்தான் படுக்க வேண்டும். செந்தூல் வீட்டில் எங்களோடு இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கேமரனிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரி ஓட்டியவர். லோரிக்கு அடியில் தொட்டில் கட்டித் தூங்கிப் பழகியவர். விஷயம் காதில் விழுந்ததும் தம் பழைய ஸ்லீப்பிங் பேக்கைக் கொண்டுவந்து அம்மாவின் தையல் மெஷின்மேல் போட்டார்.

"இதுக்குள்ள படுத்தா பஞ்சு நசுங்கிரும் பாப்பா, நசுங்குனா சூடு நிக்காது. குளிரு கீழேருந்துதான் ஏறும். தொட்டிலுக்கு வெளிய, அடியில கட்டணும்லா."

ஜிப்பைப் பிரித்து எடுத்துவிட்டு, நீண்ட ஓரங்கள் இரண்டையும் மடித்துத் தைக்க அம்மாவிடம் சொன்னார். அந்த மடிப்புக்குள் கோக்க வீட்டில் கயிறு இல்லை. அம்மா தன் பழைய பாவாடைகளிலிருந்து சிவப்பு நாடாக்களை உருவிக் கொடுத்தார். மாமா கூடத்து ஜன்னல் கம்பிகளில் தொட்டிலைக் கட்டி, நாடாவை இழுத்ததும் பை சுருங்கித் தொட்டிலின் அடியைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கோ அது ஒரு பூதத்தின் உள்பாவாடையாகத்தான் தெரிந்தது.

பிறகு அதைச் சுருட்டி, லோரிச் சுமையை மூடும் கித்தானை இறுக்கப் போடும் முடிச்சுப் போட்டு என் பையில் வைத்தார். எத்தனை முறை காட்டிக்கொடுத்தும் என் கைக்கு வராத முடிச்சு அது.

முகாமில் மற்றப் பிள்ளைகள் இணையத்தில் வாங்கிய பளபளப்பான விரிப்புகளை எடுத்தார்கள். பக்கத்துத் தொட்டில்காரி என் பையை எட்டிப் பார்த்து, "ஏய், அது என்னா?" என்றாள். "அழுக்குத் துணிலா" என்று பையை மூடினேன். இரண்டு இரவும் முதுகு விறைத்துக் கிடந்தேனே தவிர, அதைப் பிரிக்கவில்லை. மானம் போய்விடுமாம்.

தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினேன். தூங்கப் போகாமல் காத்திருந்த மாமா, பையிலிருந்து மூட்டையை எடுத்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"சூப்பர் மாமா. குளிரவே இல்ல. யாரு செஞ்சதுன்னு எல்லாரும் கேட்டாங்க."

மூட்டையைத் திருப்பிப் பார்த்தார். "திரும்ப யாரு கட்டுனா?"

"நான்தான்."

மாமா முடிச்சைக் கட்டைவிரலால் தடவினார். "பரவால்லையே. நல்லா கட்டியிருக்க" என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "சூடா இருந்துச்சாம்க்கா" என்றார். அம்மா உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

திங்கட்கிழமை அவர் அதை லோரிக்கு எடுத்துப் போனபோது, தொலைந்தது சனியன் என்றுதான் நினைத்தேன். பாராட்டு வாங்கிய பெருமை வேறு. அந்த முடிச்சு என் கைக்கு வராது என்பது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.