மானுக்கு எந்தத் துவக்கு

ஒரு பிரஷர் குக்கர் வாங்குவதென்றாலும் குடும்பத்தோடு போய் நிற்கிற ஆட்கள் நாங்கள். துவக்கு வாங்கப் போனபோதும் அப்படியே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளிடம் எட்டு வருடமாய்க் காத்துவந்த ஒரு பொய் அந்தக் கடையில்தான் உடைந்தது. என்ன மடைத்தனம்!

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்தில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்காரர், மான் வேட்டைப் பைத்தியம். “நீயும் வாவன்” என்று அரித்துக்கொண்டே இருந்தார். அவர்களில் ஒருவனாகிவிடலாம் என்ற நப்பாசை எனக்கு. சோதனை எழுதி, போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து மனைவியையும் விசாரித்து, லைசென்ஸ் கையில் கிடைத்துவிட்டது.

பக்குரங்காப் பக்கம் இருந்த கடைக்காரர் மூன்று துவக்குகளை மேசையில் கிடத்தினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்; அது குழாய் வாயின் அகலமாம், அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று. இருநூற்று நாற்பத்துமூன்று சின்ன மானுக்குப் போதும், தோளில் அவ்வளவாய் உதைக்காது. இருநூற்று எழுபது தூரத்துக்கு நல்லது. முந்நூற்றெட்டு என்றால் எந்த மானுக்கும் நம்பிப் போகலாம், அதில் போட்டுச் சுடுகிற சன்னமும் எங்கேயும் கிடைக்கும்.

என் வாய் சும்மா கிடந்ததா? “முந்நூற்றெட்டு எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஆமி வைத்திருந்ததும் இதுபோலத்தான்” என்று ஆங்கிலத்தில் பெருமையடித்தேன். அவரும், “ஓம், அதுவும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான்” என்றார். கண்ணாடி அலுமாரியில் கத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்ற மனைவி திரும்பினாள்.

அவளுடைய அண்ணாவை ஒரு பின்னேரம் சந்தியில் வைத்து ஆமி சுட்டது அந்தத் துவக்கால்தான். மறுநாள் காலை ஊரடங்கு எடுத்ததும் உடலை முதலில் கண்டவன், பக்கத்து வீட்டில் இருந்த நான். அவர்களுடைய வீட்டுப் பின்வேலிப் படலைக் கதவோரம், வயிற்றைப் பொத்தியபடி கிடந்தார். காயம் தெரியாமல் துணியால் சுற்றிவிட்டு, சந்தியிலேயே உயிர் போய்விட்டது, ஆமிக்காரர்தான் இழுத்துவந்து போட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல? அதை நம்பித்தான் அவளும் தாயும் பிறகு ஒருவாய் சோறு தின்றார்கள்.

“இதால் சுட்டால் மான் உடனே விழுமா?” என்று அவள் கடைக்காரரிடம் கேட்டாள்.

“நெஞ்சில் பட்டால் கெதியாய் முடியும். வயிற்றில் பட்டால், எந்தத் துவக்கானாலும் ஓடும். மணித்தியாலக் கணக்காய் உயிரோடு கிடக்கும். பாவம். அதனால்தான் இடம் பார்த்துச் சுடவேண்டும்.”

“எவ்வளவு தூரம் ஓடும்?”

“கால் மைல் போனதையும் கண்டிருக்கிறேன்.”

“எங்கே போகும்?”

“பழகின இடத்துக்கு. தான் படுக்கிற பற்றைக்கு.”

உன் மனைவி உன்னைவிடக் கெட்டிக்காரி என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவருடைய வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது. யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி அவளை வெளியே கூட்டிவந்தேன்.

சான்ட்ரிங்ஹாமில் மரக்கறி வாங்கவேண்டும் என்று புறப்பட்டவள், காரில் ஏறியதும் வேறொன்றைக் கேட்டாள்.

“சந்தியில இருந்து எங்கட வீடு கால் மைல் வராது, என்ன?”

நான் கியரை மாற்றினேன்.

“உங்களைத்தான் கேக்கிறன். அண்ணாவுக்கு வயித்திலயோ பட்டது?”

“ஓம்.”

“ஆமி இழுத்துக்கொண்டு வரேல்லை?”

“இல்லை. நீர் தாங்கமாட்டீர் எண்டுதான்…”

ஏசுவாள், அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் மடியில் கிடந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“அண்டைக்குப் பொழுதுபடேக்க பின்படலை ஆடின சத்தம் கேட்டது. அம்மா பாக்க எழும்பினவ. ஆமி எண்டு பயந்து, கையைப் பிடிச்சு இருத்தினது நான். நீங்கள் வந்து சொன்ன பிறகுதான், அது நாயாக்கும் எண்டு நினைச்சு ஆறினனான்.”