நாற்பது அட்டையும் ஒரு சொல்லும்

அகராதி அலுவலகத்தில் அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் ஆங்கிலச் சொல் எந்தக் காலத்தில் எந்தப் பொருளில் வந்தது என்பதற்குச் சான்று தேடி, சான்றுக்கு ஓர் அட்டை எழுதி, மரப்பெட்டிகளில் எழுத்து வரிசையாக அடுக்குவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் அட்டைகூட இடம் மாறியதில்லை. அட்டைகளைப் பார்த்துச் சொல்லின் வரலாற்றை எழுதிப் பேர் வாங்குவது மற்றவர்கள். ஆனால் 'நைஸ்' மட்டும் தனக்குத்தான் என்று மனசுக்குள் துண்டு போட்டு வைத்திருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சொல்லின் கதை அப்படி. லத்தீனில் 'ஒன்றும் அறியாத' என்பதில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு 'அசட்டுத்தனமான' என்று பொருள். பிறகு 'எதிலும் நொட்டை சொல்கிற', 'நுணுக்கமான' என்று பல வேஷம் கட்டி, கடைசியில் 'இனிய' என்று பெரிய மனுஷன் ஆகிவிட்டது. இதற்கான நாற்பது அட்டைகளையும் பெட்டிக்காரரே பதினோரு வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்தார்.

அந்தச் சொல்லின் முறை வந்ததும் தலைமைப் பதிப்பாசிரியர் அதைத் தூக்கி, ஆறு மாதம் முன்பு சேர்ந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அவளுக்கு லத்தீன் தெரியுமாம். பெட்டிக்காரருக்கு வயிறு எரிந்தது.

"ஒரு வார்த்தைக்கா இப்படி உர்ருன்னு இருக்கீங்க? வீட்ல நாலு வார்த்தை பேசினாலும் பரவாயில்ல" என்றாள் மனைவி.

மறுநாள் முதல் ஆளாக வந்தார். 'அசட்டுத்தனமான' என்ற பொருளுக்கு இருந்த ஒரே அட்டையை உருவி, கடைசி எழுத்தின் பெட்டியில் சொருகினார். மூன்று லட்சம் அட்டைகளில் ஒன்று இடம் மாறினால் தொலைந்த மாதிரிதான். அட்டை இல்லாத பொருள் அச்சில் ஏறாது என்பது அங்கே சட்டம். கிழித்துப் போட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

"அண்ணா, இதோட முதல் பொருள் அசடுன்னு படிச்சிருக்கேன். நம்மகிட்ட அட்டையே இல்லையே?" என்று வந்து நின்றாள் அந்தப் பெண்.

"இல்லன்னா இல்லதாம்மா."

சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளே குளுகுளுவென்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பதிப்பாசிரியர் அவள் எழுதியதைப் படித்தார். முதல் பொருளே 'அசட்டுத்தனமான'. பெட்டிக்காரருக்குக் குப்பென்று வியர்த்தது.

"இந்த அட்டை எங்கம்மா கிடைச்சுது? நேத்துவரை காணோம்னியே!"

அவள் பெட்டிக்காரரை ஒரு கணம் பார்த்தாள். "அண்ணன்தான் சார் தேடி எடுத்துக் கொடுத்தாங்க. மொத்த அட்டையும் அவங்க சேர்த்தது. அவங்க பேரும் வரணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் அவள் அருகில் வந்தாள்.

"எல்லாப் பெட்டியையும் பிரிச்சுப் பார்த்துட்டேண்ணா. கடைசிப் பெட்டில இருந்துச்சு. பழைய இடத்துலயே வச்சிட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாக அவர் பெயர் அச்சில் வந்தது, அவள் பெயருக்குக் கீழே. அவள் காட்டிக்கொடுத்திருந்தால் காலமெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். லத்தீன் தெரிந்தவள் என்பதையாவது எப்படியோ செரித்துக்கொள்ளலாம். நல்லவளாகவும் இருக்கிறாளே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.